பைரோய்த்தில் வாக்னருக்கு முன்னால்

ஜெர்மனியில் உள்ள பைரோய்த் என்றதும் எல்லோரும் ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) இயற்றிய வாக்னர் என்கிறார்கள், சரி, ஆனால் அவருக்கு ரொம்ப முன்பே அந்த ஊருக்குக் கலை வாசம் கொடுத்தவர் வில்ஹெல்மினே, பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் அக்கா, தானே ஓபரா இயற்றியவர். அவர் எழுப்பிய ஓபரா அரங்கு 1748-இல் திறந்தது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் மூச்சு நின்றுவிடும், அத்தனையும் மரமும் வண்ணம் தீட்டிய துணியும்தான். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இதன் ஆழமான மேடையைக் கேள்விப்பட்டுத்தான் வாக்னரே அங்கே வந்தார். அது தனக்குச் சரிப்படாது என்று தெரிந்ததும் குன்றின் மேல் வேறு அரங்கு கட்டி 1876-இல் தன் ஓபராக்களுக்கான விழாவைத் தொடங்கினார். அங்கே இசைக்குழு மேடைக்கு அடியில் மூடிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், வாசிப்பவர் ஒருவர்கூடக் கண்ணில் பட மாட்டார், ஓசை முதலில் மேடைக்குப் போய்ப் பாடகர் குரலோடு கலந்துதான் நம்மிடம் வரும்.

விழாவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வில்ஹெல்மினேயின் அரங்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.