டி.பி. வந்தால் சேரும் அந்த இரண்டாவது மாத்திரை

எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டி.எல்.டி. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50, மூன்றும் ஒரே மாத்திரையில். நாளுக்கு ஒன்று, சோத்துக்கு முன்னாலா பின்னாலா என்ற கேள்வியே இல்லை. இந்தச் சௌகரியம் டி.பி. வந்த அன்றைக்கு முடிந்துபோகிறது.

டி.பி. மருந்தில் இருக்கிற ரிஃபாம்பிசின் கல்லீரலை உசுப்பிவிடும். மற்ற மருந்துகளைச் சிதைக்கிற நொதிகள் கூடிவிடும். 24 மணி நேரம் தாங்க வேண்டிய டோலுடெக்ராவிர் அதுவரைக்கும் தாங்காது. அதனால் தனி டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஒன்று சேர்த்துக் கொடுப்பார்கள். டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து அதைப் போட வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் முழுங்கினால் பலன் இல்லை. இடைவெளிதான் இங்கே மருந்து.

திருப்பூர்ப் பக்கம் இதில்தான் சிக்கல். காலை 8, ராத்திரி 8 என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் ராத்திரி மாத்திரை பனியன் கம்பெனிக்குள் மாட்டிக்கொள்ளும். அன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் சின்ன டப்பியில் போட்டு எடுத்துப் போங்க. மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்க. இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

அடுத்தது வயிறு. காலையில் டி.பி. மாத்திரை, 55 கிலோ ஆளுக்கு ஒரே தடவையில் 4. போட்டதும் குமட்டும், நெஞ்சு எரியும். ஒண்ணுக்கு சாயப்பட்டறைத் தண்ணி மாதிரி செவப்பாகப் போகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. எரிச்சலுக்கு மருந்துக்கடையில் “ஏனுங்க, கேஸுக்கு ஒரு மருந்து குடுங்க” என்று கேட்டு ரோஸ் கலர் சிரப் வாங்கிக் குடிப்பதுதான் தப்பு. டோலுடெக்ராவிர் வேலை செய்கிற விதமே, வைரஸின் இன்டெக்ரேஸ் நொதிக்குள் இருக்கிற மக்னீசியத்தைப் பற்றிக்கொள்வதுதான். சிரப்பில் இருக்கிற மக்னீசியத்தையும் அலுமினியத்தையும் வயிற்றிலேயே பற்றிக்கொண்டால் ரத்தத்துக்குப் போகாது. சேர்த்துக் குடித்தால் மருந்தில் முக்கால்வாசி வீண். டோலுடெக்ராவிர் போட்டு 2 மணி நேரம் கழித்துச் சிரப் குடிக்கலாம்; சிரப் முதலில் குடித்தால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை டோலுடெக்ராவிர் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு வைப்பதே பெரும்பாடு. டாக்டரிடம் கேட்டு, வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டபிரசோல் மாத்திரை போட்டுக்கொள்வது சுலபம். அது டோலுடெக்ராவிரைத் தொடாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் வெறும் வயிற்றில் இதே வேலையைச் செய்யும், ஆனால் சோத்தோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை. சிரப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் மையத்தில் சொல்லிவிட வேண்டும். டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பொதுவாக நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டவிட மாட்டார்கள்.

டி.பி. முதலில் தெரிந்து, அதன் பிறகு எச்.ஐ.வி. தெரிய வந்தால், டி.பி. மருந்து தொடங்கி 2 வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. ஆரம்பிப்பார்கள். மூளைக்காய்ச்சல் டி.பி. என்றால் மட்டும் 4 முதல் 8 வாரம் தள்ளிப்போடுவார்கள். ஆரம்பித்த சில வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பும், கழுத்துக் கட்டி பெரிதாகும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது, எதிர்ப்புச் சக்தி மீண்டு வந்து, பதுங்கியிருந்த கிருமியோடு மல்லுக்கட்டுவதால் வருவது. எதையும் நிறுத்தாமல் மையத்துக்கு ஓடுங்க. மஞ்சள் காமாலை பி வகையும் இருக்கிறவர் டி.எல்.டி.யைச் சொந்தமாக நிறுத்தினால் கல்லீரல் சட்டென்று கெடும். அதில் இருக்கிற டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருப்பவை.

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளி மாநிலம் போகிறவர்கள், கிளம்பும் முன்னாலேயே மையத்தில் சொல்லி, தனி டோலுடெக்ராவிரையும் நாள் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டி.எல்.டி. டப்பா கையில் இருக்கிறது என்ற நினைப்பில் இது விட்டுப்போகும். வண்டி டேஷ்போர்டில் வைக்காதீங்க, வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

டி.பி. மாத்திரை முடிந்த அன்றைக்கே அந்த இரண்டாவது மாத்திரையையும் சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. ரிஃபாம்பிசின் உசுப்பிவிட்ட கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். அந்த 14 நாளைக்கும் மாத்திரை வேண்டும்.