பூட்டிக் கிடந்த வீடும் 50,000 யூரோ மானியமும்

அயர்லாந்தின் நடுப்பகுதியில், நான் நர்ஸாக இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை 2023 கடைசியில் விலை பேசினோம். அந்த வீட்டு அம்மா காலமாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் இங்கிலாந்தில். உள்ளே நுழைந்ததும் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழே அணைந்துபோன சின்னச் சிவப்பு விளக்கு. புகைபோக்கியில் காக்கைகள் கூடு கட்டி, மூன்று சாக்கு நிறையச் சுள்ளி. பின்பக்கக் கூரை வழியே மழை இறங்கிய படுக்கையறையில், விரலால் அழுத்தினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது.

ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். அதே ஊரில் இப்படி ஒரு வீடு சும்மா கிடந்தது எனக்கு ஆறவே இல்லை.

காலி வீட்டு வரி அப்போதுதான் வந்திருந்தது. வருஷத்தில் 30 நாள்கூட ஆள் குடியிருக்காத வீட்டுக்கு, அடிப்படைச் சொத்து வரியைப் போல 3 மடங்கு. பிறகு 5, அப்புறம் 7 மடங்கு ஆக்கினார்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2 லட்சம் யூரோவுக்குள் மதிப்புள்ள வீட்டுக்கு அந்த அடிப்படை வரியே 2025 வரை வருஷத்துக்கு 90 யூரோதான். மூன்று மடங்கு என்றால் 270. இதற்குப் பயந்து யார் விற்பார்கள்? இந்த வரியை இன்னும் பல மடங்கு ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து. விற்றவர்களும் வரியைப் பற்றிப் பேசவில்லை. வாங்க ஆள் வந்ததால் விற்றோம் என்றார்கள். எங்களை அங்கே வரவைத்தது மானியம்.

'க்ரீ கோனிஹா' என்ற அரசுத் திட்டத்தில், 2 வருஷமாவது காலியாக இருந்த வீட்டைச் சீர்செய்து குடியேறினால் 50,000 யூரோ வரை தருவார்கள். இடியும் நிலையில் இருந்தால் 70,000. அதற்கு எஞ்சினியர் அறிக்கை வேண்டும். எங்களுடையது முதல் வகை.

காலியாக இருந்ததை நிரூபிப்பதுதான் முதல் கண்டம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது மட்டும் போதாது. நல்லவேளை, அந்த வீட்டு அம்மாவின் மூத்த மகன் பழைய கரண்ட் பில்களைத் தேடி எடுத்து அனுப்பினார். இரண்டு வருஷமும் கரண்டே பயன்படுத்தாவிட்டாலும் வரும் நிலைக் கட்டணம் மட்டுமே. அந்தக் காகிதங்கள் இல்லையென்றால் விண்ணப்பம் நகர்ந்திருக்காது. வீடு பார்க்கும்போதே விற்பவரிடம் இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து, ஒப்புதல் வருவதற்கு முன் செய்யும் வேலைக்குக் காசு கிடையாது. குளிர்காலம் முழுக்க மழை உள்ளே இறங்க, கூரை மேல் தார்ப்பாய் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். விண்ணப்பத்தைப் பார்க்கும் உள்ளூர் கவுன்சில் ஆள் வந்து, எங்கள் வேலைப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கூரை, வயரிங், ஜன்னல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நம் கைக்காசு.

இதைவிடப் பெரிய சிக்கல், பணம் கடைசியில்தான் வரும். எல்லா வேலையும் முடிந்து, அவர்கள் மறுபடி வந்து பார்த்த பிறகு. கூரைக்காரர் அதுவரை பொறுப்பாரா? கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கினோம், போதவில்லை. திருச்சியில் அம்மாவிடம் இருந்த என் நகைகளை அடகு வைத்தோம். கையில் ஒன்றும் இல்லாத குடும்பத்துக்கு இந்த மானியம் எட்டாது. பாதி வேலை முடிந்ததும் பாதித் தொகையைக் கொடுத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

சொத்தின் மேல் ஒரு பிணையும் பதிவாகும்: 5 வருஷத்துக்குள் விற்றால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும், 10 வருஷத்துக்குள் என்றால் 75 சதவீதம். விற்கும் எண்ணமே இல்லாததால் நாங்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

2025 வசந்தத்தில் பணம் வந்தது. முதல் வேலையாக நகையை மீட்டோம். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை என்னோடு வேலை பார்க்கும் பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். போன வாரம் என் விண்ணப்பக் கோப்பை முழுசாக நகல் எடுத்து அவளிடம் கொடுத்தேன், கரண்ட் பில்லை மேலே வைத்து.