கணவாய்க்கு முன்னால் ஒரு சுங்கச்சாவடி

தருமபுரியையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், தொப்பூர் கணவாய்ப் பகுதியின் சாலைப் பாதுகாப்புப் பணியில் இருந்த காலத்தில், எங்கள் வேலையில் பெரும்பகுதி பாளையம் சுங்கச்சாவடியிலேயே நடந்தது; ஏனெனில், வடக்கிலிருந்து பாரமேற்றி வரும் லாரி அந்த நீண்ட இறக்கத்தில் நுழைவதற்கு முன் ஓட்டுநரிடம் பேசக் கிடைத்த இடம் அதுதான்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். கியரின் பிடி இல்லாத வண்டியின் வேகத்தை பிரேக் மட்டுமே அடக்க வேண்டியிருப்பதால், சக்கரத்தின் பிரேக் டிரம்மும் அதில் உரசிப் பிடிக்கும் லைனிங்கும் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறைகிறது. இன்ஜினும் அணைந்திருந்தால், பிரேக்குக்கு வேண்டிய காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசர் ஓடாது. ஒவ்வொரு மிதிக்கும் காற்று டேங்கில் உள்ள காற்று இறங்கிக்கொண்டே போகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அதற்குள் வண்டி வளைவுக்கு வந்துவிடுகிறது. விபத்துக்குப் பிறகு 'பிரேக் பிடிக்கவில்லை' என்று மட்டும் பதிவு செய்துவிட்டு, அது ஏன் பிடிக்கவில்லை என்று கேட்காமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தந்தது.

டீசல் கணக்கும் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் டீசல் இன்ஜின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் செலவாகிக்கொண்டிருக்கும். இதைத் துண்டறிக்கையில் படித்து நம்பியவர்கள் குறைவு. சீட்டு வாங்க வண்டி நிற்கும் சிறு இடைவெளியில், "அண்ணே, ஏறுற கியர்லயே இறங்குங்க" என்று முகம் பார்த்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டவர்கள் பலர். வடமாநில ஓட்டுநர்களுக்காக அதையே இந்தியில் சொல்லப் பழகினோம்.

2021 பிப்ரவரியில், சீட்டு வாங்காமலே கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. காத்திருப்பு குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளியும் அதோடு போனது. ஒலிபெருக்கி அறிவிப்பு, இரைச்சலோடு நகரும் லாரியின் கேபினுக்குள் எவ்வளவு எட்டும்? சுங்கச்சாவடியைக் கடந்ததும், இறக்கத்துக்கு முன்பாக, பாரமேற்றிய லாரிகள் கட்டாயமாக நின்று செல்ல ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. டேங்கில் காற்று நிறைந்திருக்கிறதா, எந்தச் சக்கரத்திலாவது லைனிங் சூடு வாடை அடிக்கிறதா என்று ஓட்டுநரும் கிளீனரும் இறங்கிப் பார்க்கச் சில நிமிடங்களே போதும். கட்டணம் வசூலிக்கும் சாலையில் அந்த இடத்தைக் கேட்க ஓட்டுநர்களுக்கு முழு உரிமை உண்டு.