செத்த ராஜாவுக்காக ராமுழுதும் நடந்த ஊர்

இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுல் எப்படிக் கெட்டுப்போனான் என்பது பிரசங்கம் கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். கீழ்ப்படியாமை, பொறாமை, தாவீதின்மேல் எறிந்த ஈட்டி, எந்தோருக்குப் போய் அஞ்சனம் பார்க்கிறவளிடம் உட்கார்ந்தது, எல்லாம் மனப்பாடம். பெலிஸ்தரோடு நடந்த சண்டையில் கில்போவா மலையில் அவன் விழுந்த உடனே நாம் பக்கத்தைப் புரட்டி, அவனுக்குப் பின் ராஜாவான தாவீதிடம் போய்விடுகிறோம். ஆனால் 1 சாமுவேலின் கடைசி மூன்று வசனங்களில் ஒரு ஊர் செய்த காரியம் இருக்கிறது. இறந்தவருக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

சண்டை முடிந்த மறுநாள் பெலிஸ்தர் வந்து சவுலின் தலையை வெட்டி, ஆயுதங்களை அஸ்தரோத் கோவிலில் வைத்து, உடலைப் பெத்சான் ஊர் மதிலில் தொங்கவிட்டார்கள். அவன் மகன்களின் உடல்களும் அங்கேயே தொங்கின. சுற்றுவட்டாரத்து இஸ்ரவேலர் ஊர்களைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம், அந்தப் பக்கம் தலைகாட்டவே யாருக்கும் தைரியம் இல்லை. அப்போது யோர்தானுக்கு அக்கரையில், கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊராருக்குச் செய்தி போகிறது. அந்த ஊரின் பலசாலிகள் எழுந்து, ராமுழுதும் நடந்து, எதிரி கைவசம் இருக்கிற ஊரின் மதிலிலிருந்து அந்த உடல்களை இறக்கி, சுமந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். அது எப்படிப்பட்ட நடை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போகும்போது கை வெறுமை, வரும்போது தலையில்லாத ஒரு முண்டமும் இன்னும் மூன்று பிணங்களும், பின்னால் எவன் துரத்தி வருவானோ என்ற பயம், நடுவில் கடக்க ஒரு ஆறு. ஊருக்கு வந்து உடல்களைத் தகனம் செய்தார்கள், எலும்புகளை மரத்தடியில் அடக்கம் பண்ணினார்கள். அடக்கம் பண்ணுவதே வழக்கமான இஸ்ரவேலில் தகனம் அபூர்வம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று வசனம் சொல்லவில்லை, உடல்கள் இருந்த நிலைமை அப்படி இருந்திருக்கலாம், மறுபடி யாரும் தோண்டி எடுத்து அவமானப்படுத்தக் கூடாது என்றும் நினைத்திருக்கலாம். அப்புறம் ஏழு நாள் உபவாசம்.

இந்த ஊருக்கு சவுல்மேல் ஏன் இவ்வளவு பாசம்? 11ஆம் அதிகாரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அம்மோனியனாகிய நாகாஸ் யாபேசை முற்றுகை போட்டு, உங்கள் எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்கினால்தான் உடன்படிக்கை என்று சொன்னான். ஊர் மூப்பர்கள் ஏழு நாள் தவணை கேட்டார்கள். அப்போது வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருந்த சவுல்தான் செய்தி கேட்டுக் கோபம் மூண்டு, ஜனத்தைத் திரட்டிக்கொண்டு வந்து காப்பாற்றினான். அவன் ராஜாவாகச் செய்த முதல் பெரிய காரியமே அது. ஏழு நாள் தவணையும் ஏழு நாள் உபவாசமும் ஒத்துப்போவது தற்செயலா என்று எனக்குத் தெரியாது, ஆனால் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு ஏழும் சேர்ந்தேதான் கண்ணில் படுகின்றன.

சவுல் நல்லவனா கெட்டவனா என்று யாபேஸ் ஊரார் கணக்குப் பார்க்கவில்லை. நடுவில் எத்தனையோ வருஷம் போயிருந்தது, கர்த்தரே அவனைத் தள்ளிவிட்டார் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியிருக்கும், அவனுக்கு நல்லது செய்து இனிமேல் யாரிடமும் எதுவும் வாங்க முடியாது. தங்கள் கண்களைக் காப்பாற்றியவன் மதிலில் தொங்குகிறான், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தாவீது ராஜாவானதும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியதைப் பாருங்கள்: உங்கள் ஆண்டவனாகிய சவுலுக்கு இந்தத் தயவைச் செய்தபடியால் கர்த்தரால் ஆசீர்வதிக்கப்படுவீர்களாக என்கிறான். அதே மூச்சில், சவுல் இறந்துவிட்டான், யூதா வம்சத்தார் என்னை ராஜாவாக அபிஷேகம் பண்ணியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அதில் அரசியலும் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் தன்னைக் கொல்லத் துரத்தியவனுக்குச் செய்த மரியாதையைத் தாவீது பாராட்டினானே, அது சின்ன விஷயம் இல்லை.

யோசேப்பின் எலும்புகளை மோசே எகிப்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததையும், கடைசியில் அவை சீகேமில் அடக்கமானதையும் எல்லாரும் சொல்வார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியவள் ரிஸ்பாள்.

2 சாமுவேல் 21. மூன்று வருஷம் பஞ்சம். இஸ்ரவேலர் ஆணையிட்டு உயிரோடு விட்டிருந்த கிபியோனியரைச் சவுல் கொன்ற பழிதான் காரணம் என்று தெரியவருகிறது. கிபியோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுத்துவிடுகிறான். அதில் இரண்டு பேர் சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாளின் பிள்ளைகள், மற்ற ஐந்து பேர் சவுலின் மகள் வழிப் பேரன்கள். வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற நாளில் ஏழு பேரையும் மலையில் தூக்கிலிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். தூக்கிலிடப்பட்டவனின் உடல் இரவு முழுவதும் மரத்தில் இருக்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம் பண்ண வேண்டும் என்பது உபாகமம் 21இல் இருக்கிற கட்டளை. இங்கே அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

ரிஸ்பாள் ஒரு இரட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். அறுப்பின் ஆரம்பத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் ராத்திரியில் காட்டு மிருகங்களும் அந்த உடல்களைத் தொடவிடாமல் காத்தாள். வாற்கோதுமை அறுப்பு என்றால் ஏப்ரல் வாக்கில், அந்த நாட்டில் முன்மாரி வருவது அக்டோபர் வாக்கில். அது காலம் தப்பிப் பெய்த மழை என்று சொல்கிறவர்களும் உண்டு, அப்படியே வைத்துக்கொண்டாலும் எத்தனை ராத்திரி! கழுகை விரட்டி முடித்துக் கண் அசந்தால் நரி வந்துவிடும். நாற்றம் இருந்திருக்கும், வெயில் இருந்திருக்கும். அவள் காத்தது தன் பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் இல்லை, அந்த இன்னொரு ஐந்து பேரையும்தான். இது எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட வேதத்தில் இல்லை. ராஜாவிடம் போய் முறையிடவில்லை, அவளுக்கு அந்த இடமும் இல்லை. முன்பு சவுலின் படைத்தலைவன் அப்னேரும் சவுலின் மகன் இஸ்போசேத்தும் சண்டை போட்டபோது அவள் பெயர் அடிபட்டதே, அங்கேயும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவள் செய்தது தாவீதின் காதுக்குப் போயிற்று. அதைக் கேட்ட பிறகுதான் அவன் போய் யாபேசிலிருந்து சவுல், அவன் மகன் யோனத்தான் எலும்புகளை வாங்கிவந்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்க்கச் செய்கிறான். சவுலும் யோனத்தானும் பென்யமீன் நாட்டுச் சேலாவில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கமானார்கள். யாபேஸ் ஊரார் அந்த ராத்திரி பத்திரப்படுத்தி வைத்தது சொந்த ஊர் வந்து சேர்ந்தது ஒரு வைப்பாட்டியின் பிடிவாதத்தால்தான். அதற்குப் பின்புதான் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. ஏழு பேரைத் தூக்கிலிட்ட உடனே அப்படி எழுதவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் எழுதியிருக்கிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, இயேசு "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்று சொன்னாரே, அப்போது இதெல்லாம் முக்கியம் இல்லையா என்று கேட்கலாம். தகப்பனை அடக்கம் பண்ணுவதைவிடப் பெரிய கடமை மகனுக்கு இல்லை என்று எல்லாரும் நம்பிய இடத்தில் அவர் அதைச் சொன்னார், அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு உறைக்கிறது. கடமை அற்பமாக இருந்திருந்தால் அதைவிடத் தேவராஜ்யம் பெரிது என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அவருடைய உடலுக்கு என்ன நடந்தது என்றும் பாருங்கள். சீஷர்கள் ஓடிவிட்டார்கள். ஆலோசனைக்காரனாகிய அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய்க் கேட்கிறான், நிக்கொதேமு நூறு இராத்தல் வாசனைத் திரவியம் கொண்டு வருகிறான். ராத்திரியில் ரகசியமாக வந்து பேசிவிட்டுப் போனவன் அவன், உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் நிற்கப் பயந்தவன் இறந்த பிறகு வெளியே வந்து நிற்கிறான். அதற்கு முன்பே பெத்தானியாவில் ஒரு பெண் பரிமளதைலத்தை ஊற்றியபோது, முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று மற்றவர்கள் முறுமுறுத்தார்கள். அவளை விட்டுவிடுங்கள், என் அடக்கத்துக்காக முந்திக்கொண்டு இதைச் செய்தாள் என்று அவர்தான் அவளுக்காகப் பேசினார்.