ஜிஆப்ஸ் போட்டால் பழைய கதைதான்

போனோடு வந்த ஆண்ட்ராய்டைத் தூக்கிவிட்டு வெளியார் செய்த ஆண்ட்ராய்டு, அதாவது கஸ்டம் ரோம் போட்டாச்சு, இனி கூகுளுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நம் ஊர்ப் பசங்க சிலர் அடித்துச் சொல்கிறார்கள், போட்ட கையோடு ப்ளே ஸ்டோர் முதலான கூகுள் ஆப்களின் தொகுப்பான ஜிஆப்ஸையும் ஏற்றிவிட்டு! அப்புறம் என்ன மிச்சம்?

2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் எடின்பரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து, சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் என்னவெல்லாம் அனுப்புகிறது என்று பார்த்தார்கள். சாம்சங், ஷாவ்மி, ரியல்மீ அனுப்பித் தள்ளியதில் ஆச்சரியமில்லை. லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமின் கதைதான் கவனிக்க வேண்டியது. அதை உருவாக்கியவர்கள் எதையும் சேகரித்ததாகத் தெரியவில்லை, ஆனால் ஜிஆப்ஸில் வரும் கூகுள் ப்ளே சர்வீசஸோடு சோதித்ததால் கூகுளுக்குப் போவது மற்ற போன்களைப் போலவே போய்க்கொண்டிருந்தது. ப்ளே சர்வீசஸுக்குப் பதிலாக மைக்ரோஜி என்ற திறமூல மாற்றை வைத்த /இ/ஓஎஸ் என்ற இன்னொரு ரோம் மட்டும் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை.

சரி, ஜிஆப்ஸே போடாவிட்டால்? அப்போதும் கொஞ்சம் கசியும். வைஃபையில் சேர்ந்ததும் நெட் வருகிறதா என்று லினியேஜ் கூகுள் முகவரியைத்தான் தட்டிப் பார்க்கும். வீட்டு ரவுட்டரில் அந்த முகவரிகளை அடைத்துப் பார்த்தேன். பாட்டு ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, போன் மட்டும் இணையம் இல்லை என்று அடம்பிடிக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவியில் ஒரு கட்டளை கொடுத்து இந்தச் சோதனையை நிறுத்தலாம், ஆனால் லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கம் தானாக வராது.

இன்னொன்று ஜிபிஎஸ். கடலில் இலங்கை எல்லைக் கோடு எங்கே என்று போனைப் பார்த்துப் படகு விடுகிறவர்கள் இங்கே பாம்பனில் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் சிக்னலைப் போன் வாங்குவதோடு சரி, திருப்பி எதுவும் அனுப்பாது, டவர் இல்லாத நடுக்கடலிலும் வேலை செய்யும். ஆனால் கரையில் சீக்கிரம் இடம் காட்டுவதற்காக எஸ்யூபிஎல் என்ற முறையில் இணையத்தில் ஒரு சர்வரிடம் பக்கத்து டவர் விவரத்தைச் சொல்லி உதவி கேட்கும், சில போன்களில் சிம்மை அடையாளம் காட்டும் ஐஎம்எஸ்ஐ எண்ணும் கூடவே போகும். அந்த சர்வர் பெரும்பாலும் கூகுளுடையது. கிராஃபீன் ஓஎஸ் என்ற ரோம் இதைத் தன் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகத் திருப்பிவிடுகிறது, ஆனால் அதைப் போட கூகுளின் பிக்சல் போன் வேண்டும். பாம்பனில் எத்தனை பேர் கையில் பிக்சல் இருக்கிறது?

தங்கச்சிமடத்து மச்சான், "கூகுளே வேண்டாம் மாப்ள, ஆனா பேங்க் ஆப் ஓடணும்" என்கிறார். போனில் யாரும் கை வைக்கவில்லையா என்று பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கும் ஆப் பல, பூட்லோடர் (போனைத் தொடக்கிவைக்கும் நிரல்) திறந்த போனில் ஓடாது; ரோம் மாற்ற அதைத் திறந்தாக வேண்டும். அதனால் அவருக்கு ஜிஆப்ஸ் இல்லாத லினியேஜும் எஃப்-டிராய்டு என்ற திறமூல ஆப் கடையும் போட்டுக் கொடுத்தேன், யுபிஐ மட்டும் அக்கா போனில். நீங்களும் போடுவதாக இருந்தால் போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பூட்லோடரைத் திறந்ததும் போனில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும்.