பீட விரிப்பும் திருச்சபை ஆண்டும்

30 நவம்பர் 2024, சனி
நாளை ஆகமன முதல் ஞாயிறு, கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் காலத்தின் தொடக்கம். நாட்காட்டியில் ஒரு மாதம் மீதமிருந்தாலும் மார்ட்டின் லுத்தரின் வழிவந்த எங்கள் லுத்தரன் சபைக்கு நாளைதான் ஆண்டு பிறக்கிறது. பீடத்தில் ஊதா விரிப்பை விரித்தேன். மடிப்பு ஓரங்களில் சாயம் வெளிறியிருக்கிறது. இடது மூலையில் போன ஆண்டு சொட்டிய மெழுகின் தடம் இன்னும் போகவில்லை. ஆகமன வளையத்தையும் வைத்தாயிற்று. 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் தம் பராமரிப்பிலிருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய மெழுகுவர்த்திகளே இதன் தொடக்கம். அதில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்திகள் நான்கும், மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்திகளும் இருந்தன.

5 மார்ச் 2025, சாம்பல் புதன்
மீண்டும் ஊதா. இன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய நாளான ஏப்ரல் 19 வரை எண்ணினால் 46 நாட்கள் வருகின்றன. ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்தே லெந்து எனும் இந்தத் தவக்காலத்தின் நாட்களை நாற்பது என்கிறோம். அல்லேலூயா பாடுவதும் இன்றோடு நின்றது.

9 மார்ச், லெந்து முதல் ஞாயிறு
1522இலும் இந்த ஞாயிறு மார்ச் 9ஆம் தேதியிலேயே வந்தது. வார்ட்பர்க் கோட்டையிலிருந்து திரும்பிய லுத்தர், விட்டன்பர்க்கில் அன்று தொடங்கி எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கித்தார். அவர் இல்லாத காலத்தில் வழிபாட்டு மாற்றங்களை அவசரமாகத் திணித்தவர்களுக்கு, தேவ வசனத்தால் ஆகவேண்டியதை வற்புறுத்தலால் செய்யலாகாது என்பதே அவர் சொன்ன பதில். உபவாசம் இருக்கிறாயா என்று ஒருவரையொருவர் வேவு பார்ப்பவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

17 ஏப்ரல், பெரிய வியாழன்
திருவிருந்து முடிந்தபின் வேதாகமத்தின் 22ஆம் சங்கீதம் வாசிக்கப்பட, பாத்திரம், வர்த்திகள், விரிப்பு என ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசியில் வெறும் மரப்பலகை மட்டும் நின்றது. ஆண்டு முழுவதும் துணிக்கடியில் கிடந்த அதன் கீறல்களை இந்த ஓர் இரவில்தான் பார்க்கிறேன்.

8 ஜூன், பெந்தெகொஸ்தே
தூய ஆவி இறங்கிய திருநாளுக்குச் சிவப்பு. அரிதாகவே வெளியே வருவதால் இந்த விரிப்பு மட்டும் புதிதுபோலவே இருக்கிறது.

25 ஜூன், புதன்
பெந்தெகொஸ்தேக்கு அடுத்த திரித்துவ ஞாயிறு கழிந்து பச்சை விரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இன்று மறுபடியும் சிவப்பு. 1530இல் இதே நாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லுத்தரன் சபையின் அடிப்படை அறிக்கையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்டது. அதன் 15ஆம் பிரிவு, சபையின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் உதவுகிற திருநாட்களைப் பாவமின்றிக் கைக்கொள்ளலாம், ஆனால் அவை இரட்சிப்புக்கு அவசியமானவை என்று மனச்சாட்சிகள்மேல் பாரம் சுமத்தக் கூடாது என்கிறது. அப்படியானால் நான் நிறம் மாற்ற மறந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தெரிந்தும் மறக்க மனம் வருவதில்லை.

31 அக்டோபர், வெள்ளி
சீர்திருத்தத் திருநாள். லுத்தரின் 95 வாதங்கள் 1517ஆம் ஆண்டுக்குரியவை என்றாலும், சாக்சனியை ஆண்ட இளவரசர் இரண்டாம் யோஹான் கியோர்க் 1667இல்தான் இந்தத் தேதியை அங்கே ஆண்டுதோறும் ஆசரிக்கும் நாளாக நிலைப்படுத்தினார். பல சபைகள் வசதிக்காக இதை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்கின்றன. வேலைநாளின் மாலையில் கூடும் சிறு கூட்டமே எனக்குப் பிடித்திருக்கிறது.

22 நவம்பர், சனி
நாளை திரித்துவத்திற்குப் பின்வரும் 23ஆம் ஞாயிறு, திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறு. மரித்தோரை நினைவுகூர இந்த ஞாயிறைப் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்ஹெல்ம் 1816இல் ஏற்படுத்தினார். வெள்ளை விரிப்பைத் தேய்த்து விரித்தேன். நாளை வாசிக்க வேண்டிய பெயர்களில் ஒன்றை எப்படி உச்சரிப்பது என்று அந்தக் குடும்பத்தாரிடமே கேட்டு, பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.