கோனி ஐலண்ட்: பலகைக்குக் கீழே மணல்

நியூயார்க்கில் டி, எஃப், என், கியூ என எந்த ரயிலில் தெற்கே போனாலும் கடைசி நிறுத்தம் கோனி ஐலண்ட், ஸ்டில்வெல் அவென்யூ. இறங்கி சர்ஃப் அவென்யூவைத் தாண்டினால் கடல். 1920-இல் ஐந்து சென்ட் கட்டணத்தில் சப்வே வந்ததும் கோடைக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது.

ஆனால் கரையின் பெரும்பகுதி அப்போது தனியார் குளியல் விடுதிகளின் வசம். வேலி தண்ணீர் வரை போகும், காசு கொடுத்தால்தான் கால் நனைக்கலாம். நகர நிர்வாகம் கடலடி மணலைக் குழாயில் இறைத்துக் கரையை அகலப்படுத்தி, 1923-இல் மர நடைபாதையைத் திறந்த பிறகே அது எல்லாருக்குமான கடற்கரையானது. இங்கே நடந்த மாற்றங்களில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை.

அந்த நடைபாதையில் குனிந்து பாருங்கள். பலகைகள் மீன்முள் போலச் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றில் ஓரம் உளுத்து, திருகாணித் தலை மேலெழும்பும். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். முன்பு பலகைகளுக்கு அடியில் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்குவார்கள். 1990களில் அரிப்பைச் சமாளிக்க ராணுவப் பொறியாளர் படை மணல் கொட்டியதில் அந்த இடைவெளி பெரும்பாலும் தூர்ந்துவிட்டது.

பழைய மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் ஒன்றுமே இன்று இல்லை. ட்ரீம்லேண்டில் 1911-இல் ஒரு படகுச் சவாரியைப் பழுதுபார்க்கையில் கொதிக்கும் கீல் வாளி கவிழ்ந்தது. கட்டடங்கள் மரச்சட்டத்தின்மேல் சாந்து பூசியவை என்பதால் விடிவதற்குள் எல்லாம் சாம்பல். அந்த இடத்தில் இன்று மீன் காட்சியகம். லூனா பார்க் 1944 தீக்குப் பின் எழவேயில்லை. இப்போதுள்ளது அதே பெயரில் 2010-இல் வந்த வேறொரு பூங்கா. ஸ்டீபிள்சேஸ் 1964-இல் மூடப்பட்டது. அதை வாங்கிய கட்டுமானத் தொழிலதிபர் ஃப்ரெட் டிரம்ப் 1966-இல் இடித்தார், அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. பல்லாண்டு வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் 2001-இல் பேஸ்பால் மைதானம் வந்தது. அருகே நிற்கும் உயரமான பாராசூட் கோபுரம் மட்டுமே பழைய பூங்காவின் அடையாளம்.

1920-இன் வொண்டர் வீல் ராட்டினமும் 1927-இன் சைக்ளோன் ரோலர் கோஸ்டரும் இன்றும் ஓடுகின்றன. 1980களின் கடைசியில் நகரம் இரண்டையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்ததால் இடிக்க வழியில்லை. குளிர்காலத்தில் இரண்டும் ஓடாது. 150 அடி உயர வொண்டர் வீலின் 24 பெட்டிகளில் 16 வளைந்த தண்டவாளத்தில் சட்டென்று சறுக்கும், மற்ற 8 நிலையாக இருக்கும். இரண்டுக்கும் வரிசை தனித்தனி. தலைசுற்றல் உள்ளவர்கள் எந்த வரிசை என்று கேட்டுவிட்டு நிற்பது நல்லது.